மெஷினுக்கு எந்தக் கயிறு

1981 மார்ச் 9, திங்கள்

அத்தான், இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரே அடங்கிவிட்டது. பகலில் பேனாவைத் தொட நேரமில்லை. தேன்மொழியைத் தூங்கவைத்து, அவள் துணிகளை மடித்து அடுக்கிவிட்டு இப்போதுதான் வந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் விரலில் வெடிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி இந்த நோட்டில் எழுதிவைத்து, கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். போன வாரம் தனியாக ஒரு ஏர்மெயில் போட்டேனே, சிங்கப்பூரில் கிடைத்திருக்கும். அதில் கேட்டதை மறுபடி கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கேட்கிறேன். அத்தை கொஞ்ச காலம் மதுரையில் உங்கள் தம்பி வீட்டில் இருக்கட்டும். சண்டை ஒன்றும் இல்லை. நான் துணி அலசினால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

மெஷின் இன்று ஹார்பரிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. ஜப்பானில், கோபேயில் வாங்கினேன், பழசு, ஆனால் ராசியானது என்று எழுதியிருந்தீர்களே, நான் ஏதோ சின்னதாக நினைத்திருந்தேன். குளியலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளிர்பச்சைத் தொட்டி, அதன் தலைமேல் இரண்டு ரப்பர் உருளை, பக்கத்தில் சுற்றுவதற்குக் கைப்பிடி. கரண்டைக் குறைக்க நீங்கள் கட்டிய டிரான்ஸ்பார்மர் தனிப்பெட்டியில் பத்திரமாக வந்தது. "நேராகச் சொருகாதே, வெடிக்கும்" என்று அதில் நீங்கள் ஒட்டிய சீட்டைப் பார்த்து அழுதுவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

அத்தை அதைச் சுற்றி வந்தார்கள். "என்னட்டி இது, கரும்புச்சாறு பிழியுததா?"

"துணி தொவைக்கிறது அத்தை. உள்ள ஒரு தட்டு சுத்தும். தண்ணி சுத்தும், துணியும் சுத்தும்."

"சுத்துனா அழுக்குப் போயிருமாக்கும்? அப்போ மதுரை பூராம் சுத்துத என் சின்ன மவன் இந்நேரம் பளபளன்னு இருக்கணுமே."

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கப்பக்காரன் பொண்டாட்டிக்கு வேலைக்காரியும் கப்பல்லயே வந்து இறங்குதா பாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மார்ச் 11, புதன்

நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. குடிக்க, சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்டச் சரியாக இருக்கிறது. மெஷினுக்கு அடிபம்புத் தண்ணீர். தூத்துக்குடியில் நிலத்துத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பைச் சீவிப் போட்டால் நுரைக்காமல், திரிந்த பால் மாதிரி மிதக்கிறது.

கடினநீர்! சட்டென்று நினைவு வந்தது. சலவைச் சோடா போட்டால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பிரிந்து அடியில் தங்கிவிடும், பிறகு நுரைக்கும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு வீட்டுக்குள் இதுவரை ஒரு பிரயோஜனம் இருந்ததில்லை. கடையிலிருந்து சோடா வாங்கி ஒரு கை போட்டேன். நுரை பொங்கியது! தொட்டிக்குள் பிள்ளையின் சட்டைகள் குட்டிக் குட்டியாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்களுக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

அழுக்குத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கிவிட்டு, திரும்ப அடித்து நிரப்பி, ஒருமுறை அலசி, உருளையில் கொடுத்துப் பிழிந்தேன். இரண்டாம்முறை அலச இன்னும் ஒரு தொட்டி அடிக்க வேண்டும், கை தாங்கவில்லை. நுரை கண்ணில் படவில்லை, போதும்.

அத்தையின் சேலையைக் கேட்டேன். தரவில்லை. "அது கல்லுக்குப் பழகுன சேலை. அத விடு."

மார்ச் 14, சனி

சோடா இப்போது இரண்டு கை. துணி மொடமொடவென்று காய்கிறது. சுத்தமாக இருப்பதாக மனசுக்குத் தோன்றுகிறது.

ரோஸ்லின் அக்கா மெஷினைப் பார்க்கவென்றே வந்தார். அத்தைக்கும் பேச்சு வந்துவிட்டது. உடன்குடியில் அத்தை கல்யாணமாகிப் போன காலத்தில் சோப்பு என்பதே இல்லையாம். தேரி மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உவர்மண் அள்ளி வந்து, கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை ஊறப்போடுவார்களாம். நல்ல வேட்டி மட்டும் வண்ணார் வீட்டு வெள்ளாவிக்குப் போகும்.

"உங்க மாமா கொழும்புக் கடையில இருந்து மொதமொதலா சவுக்காரக் கட்டி கொண்டாந்தாரு. இம்மாம் நீளம், மஞ்சளா, பாளம் மாதிரி. நூலை வச்சு அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் துண்டு குடுத்தேன். ஒருத்தி, தின்னுததோன்னு நக்கிப் பாத்துட்டா."

"நீங்க நக்கலியா?" என்றார் ரோஸ்லின் அக்கா.

"நான் மோந்து பாத்தேன். அந்த வாசனைக்கு, தொவைச்ச துணியவே மறுபடி தொவைக்கணும் போல இருக்கும்."

"அப்புறம் அத்தை?"

"அப்புறம் என்ன? கட்டி தீந்துபோச்சு." எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் போனார்கள்.

மார்ச் 16

இன்று மெஷின் மூன்று தடவை ஓடியது.

மார்ச் 17, செவ்வாய்

அத்தை இன்று வாயைத் திறந்தார்கள்.

"காஞ்ச துணிய என்னத்துக்குட்டி மறுபடி நனைக்க?"

"காக்கா உக்காந்துது அத்தை."

"எந்தத் துணியில?"

"தெரியல. அதான் எல்லாத்தையும்."

அத்தை என் கைகளைப் பார்த்தார்கள். நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். சோடா பட்ட இடமெல்லாம் எரிகிறது, அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். டிசம்பரில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் கடலில் இருந்தீர்கள். கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். நர்ஸ் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே, "படிச்ச பொண்ணுதான? பிள்ளையோட துணிமணிய சுத்தமா வச்சுக்கத் தெரியாதா?" என்றாள். வேலை அவசரத்தில் சொன்னதுதான். அவளுக்கு இப்போது ஞாபகம்கூட இருக்காது. நான் துணியை எடுக்கும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்கிறது.

சோடா மூன்று கை.

மார்ச் 20, வெள்ளி

பிள்ளையின் முதுகில் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. கழுத்து மடிப்பிலும் தொடையிலும் அப்படியே. துணி சரியாகச் சுத்தமாகவில்லை போலிருக்கிறது. இருந்ததையெல்லாம் எடுத்து மறுபடி போட்டேன்.

மார்ச் 21, சனி

அத்தான், பதறாமல் படியுங்கள். பிள்ளைக்கு அம்மை.

காலையில் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. டாக்டரிடம் ஓடலாம் என்று சேலையை மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தை பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். நெற்றியில் புறங்கையை வைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், பிள்ளையை அல்ல, என்னை. வெகுநேரம்.

"மணல்வாரிட்டி" என்றார்கள். "ஆத்தா வந்திருக்கா."

"காய்ச்சலே இல்லியே அத்தை?"

"சிலதுக்கு அடிக்காது. அடிச்சா அந்த நிமிசமே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போவோம், நானே தூக்குதேன். அதுவரைக்கும் வாசல்ல வேப்பிலை சொருகு. தாளிக்கக் கூடாது. முக்கியமா ஒண்ணு, ஆத்தா எறங்குத வரைக்கும் இந்த வீட்டுல ஒரு துணி தொவைக்கக் கூடாது. சோப்பு வாசமே அவளுக்கு ஆகாது. அந்தப் பச்சைப் பூதத்த மூடி வை."

துவைக்காமல் எப்படி என்று நான் தர்க்கம் பண்ண வாயெடுத்தேன். அதற்குள் அத்தை மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து வேப்பிலைக் கொத்தால் தெளித்தார்கள். பிள்ளைக்குக் கீழே நேற்று ராத்திரி நான் பிழிந்து காயப்போட்ட வெள்ளைத் துணி. மஞ்சள் தண்ணீர் அதன்மேல் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் சிவந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குங்குமம் கொட்டியது மாதிரி என் கண் முன்னாலேயே சிவந்தது!

அத்தையின் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. அவர்கள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. "ஆத்தா... தாயே... நான் என்னத்தச் சொல்லிட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்தேன்.

மெஷினை மூடிவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

காய்ச்சல் இல்லை. பிள்ளை பால் குடிக்கிறாள். அத்தை தன்னுடைய பழைய நூல் சேலை இரண்டைக் கிழித்துப் பிள்ளைக்கு விரித்திருக்கிறார்கள். நனைந்த துணியை அவர்களே கல்லில் வெறும் தண்ணீரில் அலசிப் போடுகிறார்கள். "தொவைக்கக் கூடாதுன்னீங்களே" என்றால், "அலசுதது தொவைக்கதுல சேராது" என்கிறார்கள்.

அம்மைக்கு இத்தனை விதி உண்டென்று எங்கள் சாத்தூரில் நான் கேள்விப்பட்டதில்லை. அம்மை போட்ட பிள்ளையின் தாய் மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டுமாம். ராத்திரி பிள்ளை அழுதால் முதலில் அப்பத்தாதான் எழுந்திருக்க வேண்டுமாம். தாயின் கையில் வெண்ணெய் தடவ வேண்டுமாம்.

"எண்ணெய் ஆகாதுன்னு சொன்னீங்க?"

"வெண்ணெய் எப்படிட்டி எண்ணெய் ஆகும்? படிச்சவதான நீ?"

ரோஸ்லின் அக்கா வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "எனக்குத் தெரிஞ்சு எத்தனையோ வீட்டுல மணல்வாரி வந்திருக்கு. தாய்க்குப் பகல் தூக்கம்னு ஒரு சட்டத்த இப்பதான் கேக்கேன்."

"ஒங்க மாதா கோயில் சட்டம் வேற, எங்க ஆத்தா சட்டம் வேற. நீ போ ரோசி, மீன் கருகுது பாரு."

"நான் மீனே வாங்கலியே!"

"அப்ப போய் வாங்கு."

மார்ச் 25

தூங்கினேன்.

மார்ச் 27, வெள்ளி

பிள்ளையின் முதுகு பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது. அத்தை வேப்பிலை போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை அவளுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். "எறங்கிட்டா" என்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. வேப்பிலையை வாசலிலிருந்து அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

சேர்ந்து கிடந்த துணியெல்லாம் இன்று மெஷினில். அம்மை போன வீடு, சுத்தமாக இருக்க வேண்டாமா? சோடா நான்கு கை.

மார்ச் 31, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் பிள்ளையின் சட்டையைக் கழற்றினால், மறுபடியும். அதே இடம், அதே சிவப்பு. நான் கத்திக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். "ஆத்தா திரும்ப வந்துட்டா அத்தை! நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதான் திரும்ப வந்துட்டா!"

அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "அது ஆத்தா இல்லட்டி."

"பின்ன?"

"எனக்குத் தெரியாது. வேர்க்குருவோ என்னமோ. மணல்வாரி இல்ல. அன்னைக்கும் இல்ல. நான் எத்தன பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபம்கூட வரவில்லை. அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"கொழும்புச் சவுக்காரம் வந்தப்ப மூத்தவன் இருந்தான். உன் புருசனுக்கு முன்ன ஒருத்தன். ஒண்ணரை வயசு. பேதியிலதான் போனான். அவன் போன பொறவும் நான் அவன் துணியத் தொவைச்சேன். காயும், எடுப்பேன், மறுபடி தொவைப்பேன். கை ரத்தமா வரும். யாரு சொல்லியும் நிக்கல. கடைசியில உங்க மாமா கிணத்துக் கயித்த அறுத்து எறிஞ்சாரு. தண்ணி எறைக்க வழி இல்ல. அப்பதான் உக்காந்து அழுதேன்."

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"நீ காஞ்ச துணிய நனைக்கதப் பாத்தப்ப எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வந்துச்சு. உன் மெசினுக்கு எந்தக் கயிறுன்னு எனக்குத் தெரியல. நான் சொன்னா நீ கேக்க மாட்ட. அதான் ஆத்தாளக் கூப்பிட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன். மஞ்சத்தண்ணி தெளிச்சதும் அவ நெசமாவே வந்து நின்னுட்டா! எனக்கு உசிரே இல்ல. பொய்யாக் கூப்பிட்டதுக்குக் கூழு ஊத்துதேன்னு வேண்டிக்கிட்டேன். அன்னையில இருந்து எனக்குத்தான் ஒறக்கம் இல்ல."

மஞ்சள் தண்ணீர். சிவப்பு.

அத்தான், நான் எழுந்து போய் அரை டம்ளர் தண்ணீரில் மஞ்சள் கரைத்தேன். அத்தையின் கிழிந்த சேலைத் துண்டில் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சளாகவே இருந்தது. முந்தாநாள் மெஷினில் போட்ட பிள்ளையின் சட்டையில் ஒரு சொட்டு. சிவந்தது. என் கையிலேயே சிவந்தது.

ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதேதான். காரம். ஒருமுறை அலசினால் போகாத சோடா, கை கையாக, என் பிள்ளையின் தோலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. பழைய சேலையில் கிடந்தவரை ஆறியிருக்கிறது, நான் துவைத்ததும் பொரிந்திருக்கிறது. காலேஜ் லேபில் மஞ்சள் தாளை வைத்து நானே இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கண் முன்னால் நடந்தபோது விழுந்து கும்பிட்டேன்.

"என்னட்டி, மறுபடி வந்துட்டாளா?" அத்தை குரல் இறங்கிப்போய்க் கேட்டார்கள்.

"இல்ல அத்தை. இது சோடா."

விளக்கிச் சொன்னேன். இரண்டு துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ அவ வரலியா?" என்றார்கள். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது. பிறகு, "எதுக்கும் கூழ ஊத்திருவோம். பேரச் சொல்லிக் கூப்பிட்டாச்சுல்லா" என்றார்கள். அத்தை சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் டிசம்பரிலிருந்து வந்த அழுகை மாதிரி இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று பிள்ளையை டாக்டரிடம் காட்டினோம். சோடாதான், தோல் தானாக ஆறும் என்றார். என்னையும் உட்காரவைத்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். சரியாகத் தூங்குவதில்லை என்று அத்தை என்னை முந்திக்கொண்டு சொன்னார்கள். அடுத்த வாரம் என்னை மட்டும் வரச்சொல்லியிருக்கிறார். போவேன்.

இன்று மெஷின் ஒரே ஒரு தடவை ஓடியது. சோடா ஒரு சிட்டிகை. மூன்று முறை அலசினோம். அத்தை அடிபம்பை அடித்தார்கள், நான் நிரப்பினேன், உருளையின் கைப்பிடியையும் அவர்களே சுற்றினார்கள். கடைசி அலசலுக்கு மஞ்சள் வைத்துப் பார்த்தோம். மஞ்சளாகவே நின்றது. "ஆத்தா எறங்கிட்டா" என்றார்கள், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

பிறகு தன் நீலச் சேலையைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டார்கள். "அதும் ஒரு தடவ சுத்திப் பாக்கட்டும்."

ஏப்ரல் 3, வெள்ளி

உங்கள் தம்பி இன்று காலை மதுரையிலிருந்து வந்துவிட்டார். கையில் நீங்கள் அவருக்கு அடித்த தந்தி. அம்மாவை உடனே அழைத்துப் போ, சில மாதம் உன்னோடு இருக்கட்டும்.

அத்தை காரணம் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் சொன்னேன். "அத்தை, நான்தான் அவருக்கு எழுதினேன். அம்மைக்கு முன்னாடி."

"தெரியும்ட்டி. அந்த ஏர்மெயில ஒட்டும்போது நீ என் மூஞ்சியப் பாக்கல."

"போகாதீங்க அத்தை. நான் தெரியாம எழுதிட்டேன்."

"அவன் இருக்கச் சொன்னான், இருந்தேன். இப்ப போகச் சொல்லிட்டான். உனக்காக இருந்தேன்னா நாளைக்கு அவன் என்ன நெனைப்பான்? மாத்திச் சொல்லணும்னா அவன் வாயால சொல்லட்டும்."

உங்கள் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மைனி, மத்தியான பஸ்ஸு. அம்மா, சீக்கிரம்."

"இருல. நீலச் சேலை கொடியில கெடக்கு. ஈரத்துணியப் பெட்டியில வைக்கக் கூடாது. காயட்டும்."

நான் கொல்லைப்புறம் போனேன். சேலை எப்போதோ காய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் மறுபடி கொடியில் போட்டேன்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காஞ்ச துணிய என்னத்துக்குட்டி நனைக்க?"

"காக்கா உக்காந்துது அத்தை."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு உள்ளே திரும்பி, "ஏலே, மத்தியான பஸ்ஸு இல்ல, சேலை காயல" என்றார்கள். பஸ் போய்விட்டது. உங்கள் தம்பி இப்போது கூடத்தில் படுத்துத் தூங்குகிறார். நாளை கூட்டிப்போகிறேன் என்கிறார். பெட்டி கட்டியபடியே இருக்கிறது.

நாளை விடிந்ததும் ஏஜெண்ட் ஆபீஸ் ஆள் வருகிறார். அவரிடம் இந்த நோட்டைக் கொடுத்துவிடுவேன். அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று உங்களைச் சொல்லச் சொல்லி ஒரு தந்தியும் அவரையே அடிக்கச் சொல்கிறேன். அத்தைக்கு உங்கள் வார்த்தை வேண்டும், எனக்கு அத்தை வேண்டும். என்னால் முடிந்தது ஒரு சேலையை நனைத்துக்கொண்டிருப்பதுதான். பங்குனி வெயில் பொல்லாதது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.